ஒன்பதாவது பிட்: வீட்டுக் கணினி ஏன் காரணம் சொல்லாமல் நின்றுபோகிறது?

கணினி பழுதாவதில் இரண்டு வகை இருக்கிறது. ஒன்று, முழுதாகச் செத்துப்போவது. சுவிட்சைப் போட்டால் விசிறி கூடச் சுத்தாது. இது நல்ல பழுது. கடைக்குக் கொண்டுபோனால் எது போனது எண்டு கொஞ்ச நேரத்தில் சொல்லிவிடுவார்கள். மற்றது, நினைத்த நேரம் நின்றுபோவது. மூன்று நாள் ஒழுங்காக ஓடும். நாலாம் நாள் அசைன்மென்ட் அடித்துக்கொண்டிருக்கும்போது நீலத் திரை வரும், இல்லாட்டித் தானாக அணைந்து திரும்பப் பற்றும். கடையில் கொண்டுபோய் வைத்தால் நாள் முழுக்க ஓடிக் காட்டும். "ஒரு பிரச்சினையும் இல்லையே தம்பி, வைரஸ் போல. போர்மட் அடிச்சுத் தாறன்" என்பார் கடைக்கார அண்ணை. போர்மட் அடித்த காசும் போகும், கிழமை முடிய முதல் திரும்பவும் நிற்கும். வீட்டில் தீர்ப்பு அதற்கு முதலே சொல்லியாகிவிட்டது: "கண்ட கண்ட கேம் எல்லாம் போட்டுப் பழுதாக்கிப்போட்டான்."

நாங்கள் எழுதப்போவது அந்தத் தீர்ப்புக்குப் பின்னால் இருக்கிற வரலாற்றை. கணினி தன்னுடைய பிழையைத் தானே கண்டுபிடித்துச் சொல்லும் வித்தை எழுபது வருடங்களுக்கு மேல் பழையது. அந்த வித்தையில் ஒரு சிறு பங்கு வீட்டுக் கணினியிலும் ஒரு காலத்தில் இருந்தது. விலையைக் குறைக்க அதைக் கழற்றினார்கள். கழற்றிய பிறகு, பழுது எங்கே இருக்கிறது என்று நிரூபிக்கிற வேலை வாங்கினவரின் தலையில் விழுந்தது.

ஹமிங்கின் கேள்வி

1940களின் பிற்பகுதி. அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் ரிச்சர்ட் ஹமிங் என்ற கணிதவியலாளர் வேலை செய்தார். அங்கிருந்த ரிலே கணினி வார இறுதியில் ஆளில்லாமல் ஓடும். பிழை ஒன்று தட்டுப்பட்டால் செய்துகொண்டிருந்த கணக்கை அப்படியே கைவிட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடும். திங்கட்கிழமை வந்து பார்த்தால் ஹமிங்கின் கணக்கு முடியாமல் கிடக்கும். பிழை இருக்கிறது என்று கண்டுபிடிக்கத் தெரிந்த மெஷினுக்கு, அது எந்த இடத்தில் என்று கண்டுபிடித்துத் திருத்த ஏன் முடியாது? இதுதான் அவருடைய கேள்வி. விடையை 1950 இல் வெளியிட்டார். தரவோடு சில மேலதிக பிட்களைக் குறிப்பிட்ட ஒழுங்கில் சேர்த்து வைத்தால், ஒரு பிட் மாறினாலும் எது மாறியது என்று கணக்குப் போட்டு அறிந்து பழையபடி ஆக்கலாம். இன்றைக்கு சேர்வர்களில் இருக்கிற ஈசிசி ரேமின் அடிப்படை அதுதான்.

இதைவிட எளிய ஒரு முறையும் உண்டு. அதன் பெயர் பரிட்டி. எட்டு பிட் கொண்ட ஒவ்வொரு பைட்டுக்கும் காவலாக ஒன்பதாவது பிட் ஒன்றை வைப்பது. பைட்டில் இருக்கிற ஒன்றுகளின் எண்ணிக்கை ஒற்றையா இரட்டையா என்பதை மட்டும் அது நினைவு வைத்திருக்கும். திருத்தத் தெரியாது. ஆனால் இங்கே ஏதோ மாறிவிட்டது என்று சொல்லத் தெரியும்.

ரேமில் வைத்த பிட் ஏன் தானாக மாறவேண்டும்? 1978 இல் இன்டெல் கம்பனியின் திமொதி மே, மரே வூட்ஸ் இருவரும் ஒரு காரணத்தைக் காட்டினார்கள். சிப்பை மூடியிருக்கும் பொருளில் கலந்திருந்த மிகச் சிறிய அளவு யுரேனியமும் தோரியமும் அல்பாத் துணிக்கைகளை வெளிவிடுகின்றன. அதில் ஒன்று பட்டாலே ஒரு பிட் மாறப் போதும். அடுத்த வருடம் ஐபிஎம்மின் ஜேம்ஸ் சீக்லரும் அவருடைய சக ஆய்வாளரும், விண்ணிலிருந்து வரும் அண்டக் கதிர்களும் இதைச் செய்யக்கூடும் என்று எழுதினார்கள். இவை ஒரு தரம் நடந்துவிட்டுப் போகிற பிழைகள். சிப் தேய்ந்தோ, தொடக்கத்திலேயே குறைபாட்டோடு வந்தோ உண்டாகிற பிழைகள் வேறு. அவை திரும்பத் திரும்ப வரும். எந்த வகையாக இருந்தாலும், பார்க்க ஒருவர் இல்லாவிட்டால் பிழை நடந்ததே தெரியாது.

வீட்டுக்கு எட்டு, அலுவலகத்துக்கு ஒன்பது

1981 ஓகஸ்டில் ஐபிஎம் தன்னுடைய தனியாள் கணினியை வெளியிட்டபோது, அதன் ரேமில் ஒவ்வொரு பைட்டுக்கும் ஒன்பது பிட் இருந்தது. கணக்கு ஒத்துவராவிட்டால் பரிட்டிப் பிழை என்று திரையில் காட்டிவிட்டு மெஷின் நின்றுவிடும். அதுவும் திடீர் நிற்றல்தான். ஆனால் காரணத்தைச் சொல்லிவிட்டு நிற்கிற நிற்றல். பிழையான எண்ணோடு சம்பளப் பட்டியலை அச்சடிப்பதைவிட நிற்பது மேல் என்பது அந்தக் கால வடிவமைப்பாளர்களின் எண்ணம்.

எட்டுக்கு ஒன்பது என்றால் நினைவகச் சிப்புகளில் எட்டில் ஒரு பங்கு மேலதிகச் செலவு, அதாவது 12.5 வீதம். 1990களில் வீட்டுக் கணினி விலைப் போட்டி சூடுபிடித்தபோது அந்தப் பங்கு கண்ணில் குத்தத் தொடங்கியது. பரிட்டி இல்லாத ரேம் சந்தையை நிறைத்தது. 1995 இல் இன்டெல் வெளியிட்ட 430எஃப்எக்ஸ் சிப்செட் பரிட்டியைச் சோதிக்கவே இல்லை. ஒன்பது பிட் ரேமை வாங்கிப் போட்டாலும் அந்த ஒன்பதாவது பிட்டை யாரும் கேட்கமாட்டார்கள். அடுத்த வருடம் அதே கம்பனி வியாபாரக் கணினிகளைக் குறிவைத்து வெளியிட்ட 430எச்எக்ஸ் இல் பரிட்டியும் இருந்தது, ஈசிசியும் இருந்தது. தொழில்நுட்பம் தெரியாமல் விட்டதல்ல. யாருக்குக் கொடுப்பது என்று பிரித்த பிரிப்பு.

காவல் போன பிறகு என்ன நடக்கும்? மாறின பிட் ஒரு புரோகிராமின் கட்டளையில் இருந்தால் கணினி நிற்கும். புகைப்படத்தில் இருந்தால் ஒரு புள்ளி நிறம் மாறும், ஆருக்கும் தெரியாது. சேமிக்கப்போகிற கோப்பில் இருந்தால் பிழையோடு சேர்த்துச் சேமிக்கப்படும். பழுது ஒன்றுதான், ஆனால் ஒவ்வொரு முறையும் வேறு வேறு முகத்தோடு வரும். காரணமே இல்லாமல் நிற்கிறது என்று நாங்கள் சொல்வது இதைத்தான். காரணம் இருக்கிறது. அதைப் பதிவு செய்யும் உறுப்பு இல்லை.

சொஃப்ட்வெயாருக்கு வந்த கெட்ட பெயர்

எல்லாப் பழியையும் ரேமின் மேல் போடவும் முடியாது. 1990களின் விண்டோஸ் தன் கெட்ட பெயரை உழைத்துத்தான் சம்பாதித்தது. 1998 ஏப்ரல் 20 ஆம் திகதி சிக்காகோவில் பில் கேட்ஸ் விண்டோஸ் 98 ஐ மேடையில் அறிமுகம் செய்துகொண்டிருந்தார். உதவியாளர் ஒரு ஸ்கானரைச் செருகினார். சபை நிறைந்த ஆட்களுக்கு முன்னால் நீலத் திரை வந்தது.

அதைவிடப் பகிடியான ஒன்றும் உண்டு. விண்டோஸ் 95, மெஷின் பற்றிய நேரத்திலிருந்து மில்லிசெக்கன்களை 32 பிட் எண் ஒன்றில் எண்ணிக்கொண்டு வரும். 49.7 நாளில் அந்த எண் நிரம்பி வழியும், கணினி உறைந்துபோகலாம். 1995 இல் வெளிவந்த மென்பொருளின் இந்தக் குறை 1999 இல்தான் வெளியே பேசப்பட்டது. அதுக்கு முதல் வேறு ஏதாவது காரணத்தால் நிற்காமல் 49 நாள் ஓடின மெஷின் அவ்வளவு அருமை!

2001 இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி, நின்றுபோன விபரத்தை மைக்ரோசொஃப்டுக்கு அனுப்பட்டுமா என்று கேட்கத் தொடங்கியது. அந்த அறிக்கைகள் குவிந்தபோது, எக்ஸ்பியின் வீழ்ச்சிகளில் 85 வீதம் வரை டிரைவர்களால், அதாவது அச்சுப்பொறி, ஒலி அட்டை, வீடியோ அட்டை போன்றவற்றோடு பேசும் சிறு மென்பொருள்களால், வந்தவை என்று 2003 இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். ஆக, "சொஃப்ட்வெயார்ப் பிரச்சினை" என்பது பெரும்பாலும் சரியான ஊகம். ஆபத்தும் அதில்தான் இருந்தது. பெரும்பாலும் சரியான ஊகத்துக்குப் பின்னால் மிச்சப் பழுதுகள் வசதியாக ஒளிந்துகொண்டன.

வீங்கின கொள்ளளவிகள்

2000களின் தொடக்கத்தில் உலகம் முழுக்க மதர்போர்டுகள் ஒரே மாதிரிச் சாகத் தொடங்கின. முதலில் இடைக்கிடை நிற்கும். பிறகு அடிக்கடி. கடைசியில் பற்றாது. மூடியைத் திறந்து பார்த்தால் புரொசசரைச் சுற்றி நிற்கும் சின்ன உருளைகளின் தலை வீங்கியிருக்கும், சிலதில் கபில நிறத் திரவம் கசிந்திருக்கும்.

அவை அலுமினிய மின்பகு கொள்ளளவிகள். புரொசசருக்குப் போகும் மின்னை ஏற்ற இறக்கம் இல்லாமல் சமப்படுத்துவது அவற்றின் வேலை. உள்ளே இருக்கும் திரவத்தில் நீர் கூடவாக இருந்து, அலுமினியத்தைக் காக்கும் சேர்வை சரியாக இல்லாவிட்டால், நீர் உலோகத்தோடு தாக்கமடைந்து ஐதரசன் வாயு உண்டாகும். வாயு தலையைத் தள்ளும். மேலே வெட்டி வைத்திருக்கும் கோடுகள் வெடித்து வழிவிடும். கொள்ளளவி வலுவிழந்தால் புரொசசருக்குப் போகும் மின் நடுங்கும். அந்த நடுக்கம் ஒரு பாரமான வேலையின்போது எல்லையைத் தாண்டினால் கணினி நிற்கும். சும்மா இருக்கும்போது நிற்காது. கடையில் ஓடிக் காட்டுவதும் வீட்டில் கேம் போட்டதும் நிற்பதும் இதனால்தான்.

ஜப்பானியக் கம்பனி ஒன்றின் சூத்திரம் திருடப்பட்டு, அரைகுறையாகத் தைவானுக்குப் போய்ச் சேர்ந்தது என்ற கதை அப்போது பரவியது. அது நிரூபிக்கப்படவில்லை. அந்தக் கதையால் எல்லாவற்றையும் விளக்கவும் முடியாது. டெல் கணினிகளில் பழுதானவற்றில் ஜப்பானின் நிச்சிகொன் செய்த கொள்ளளவிகளும் இருந்தன.

டெல்லின் கதைதான் எங்கட விடயத்துக்கு மிக நெருக்கமானது. 2003 மே தொடக்கம் 2005 யூலை வரை, பழுதாகக்கூடிய கொள்ளளவிகளோடு குறைந்தது 11.8 மில்லியன் கணினிகளை அது அனுப்பியது. 2005 இல் திருத்தச் செலவுக்காக 300 மில்லியன் டொலரைக் கணக்கில் ஒதுக்கியது. ஒரு வழக்கின் ஆவணங்கள் 2010 இல் வெளியே வந்தபோதுதான் உள்ளே நடந்தது தெரிந்தது. போர்டுகள் பழுது என்று பொருள்படும் எந்தச் சொல்லையும் வாடிக்கையாளரிடம் பாவிக்க வேண்டாம் என்று ஊழியர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. ஒஸ்ரினில் உள்ள ரெக்சஸ் பல்கலைக்கழகத்தின் கணிதத் துறை தன் மெஷின்கள் பழுதாகின்றன என்று முறையிட்டபோது கிடைத்த விளக்கம், கடினமான கணக்குகளைச் செய்யவிட்டதால் மெஷின்கள் களைத்துவிட்டன என்பது. கணிதத் துறையிடம் கணக்குச் செய்ததுதான் குற்றம் என்றால், கேம் விளையாடின பெடியனிடம் என்ன சொல்லமாட்டார்கள்?

நிரூபித்துக் காட்டு

இந்த நடைமுறைக்கு முன்னுதாரணம் இருந்தது. 1994 இல் வேர்ஜீனியாவில் கணிதப் பேராசிரியர் தோமஸ் நைஸ்லி, பென்டியம் புரொசசர் சில வகுத்தல்களுக்குப் பிழையான விடை தருவதைக் கண்டுபிடித்தார். முதலில் தன் புரோகிராமையும் மற்றப் பாகங்களையும் ஒவ்வொன்றாகச் சந்தேகித்து, மாதக்கணக்கில் விலக்கி, கடைசியில்தான் புரொசசருக்கு வந்தார். ஒக்டோபரில் இன்டெல்லுக்கு அறிவித்தார். இன்டெல் அதை ஏற்கெனவே தானும் கண்டுபிடித்திருந்தது. ஆனாலும் தேவை இருக்கிறது என்று காட்டுகிறவர்களுக்கு மட்டும் மாற்றித் தருவோம் என்பதுதான் முதல் நிலைப்பாடு. எதிர்ப்புக் கிளம்பி, ஐபிஎம் தன் பென்டியம் கணினிகளை அனுப்புவதை நிறுத்திய பிறகே, டிசெம்பர் 20 அன்று கேட்டவர் எல்லோருக்கும் மாற்றித் தர இணங்கியது. செலவு 475 மில்லியன் டொலர்.

வீட்டுக்காரர் எப்படி நிரூபிப்பது? அளக்கும் கருவி இருந்தவர்களுக்கு விடை தெரிந்தது. 2009 இல் ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் பியங்கா ஷ்ரோடரும் கூகிளின் இரண்டு பொறியியலாளர்களும், கூகிள் சேர்வர்களின் ரேமை இரண்டரை வருடம் அவதானித்து எழுதினார்கள். வருடத்துக்கு 8 வீதத்துக்கு மேற்பட்ட ரேம் அட்டைகளில் பிழை பதிவாகியிருந்தது. அதுவரை நினைத்திருந்ததைவிட மிக அதிகம். அவர்களால் எண்ண முடிந்ததே அந்த மெஷின்களில் ஈசிசி இருந்தபடியால்தான். வீடுகளில் அதே பிழைகள் எண்ணப்படாமல் நடந்துகொண்டிருந்தன.

2011 இல் மைக்ரோசொஃப்ட் ஆய்வாளர்கள் ஏறத்தாழ பத்து இலட்சம் தனியாள் கணினிகளின் வீழ்ச்சி அறிக்கைகளை ஆராய்ந்தார்கள். வன்பொருள் காரணமாக ஒருமுறை நின்ற கணினி இன்னொரு முறை நிற்கும் வாய்ப்பு, முதல்முறை நிற்கும் வாய்ப்பைவிடச் சில வகைகளில் நூறு மடங்கு வரை கூடியிருந்தது. குறித்த வேகத்துக்கு மேல் ஓடவிட்ட புரொசசர்கள் கூடுதலாக நின்றன. பெயர்பெற்ற கம்பனிகளின் மெஷின்களைவிட, பாகங்களை வாங்கிப் பொருத்தியவை கூடுதலாக நின்றன. பாகம் பொருத்திய மெஷினே பல வீடுகளுக்கு முதல் கணினியாக வந்த எங்கட நாட்டுக்கு இது சும்மா ஒரு எண் இல்லை. அதோடு எங்கட வெக்கையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மின்பகு கொள்ளளவியின் ஆயுள், வெப்பம் 10 பாகை கூடும்போது ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொறியியலாளர் பாவிக்கும் பொது விதி. 2022 மார்ச் முடிவில் மின்வெட்டு ஒரு நாளுக்கு 13 மணித்தியாலம் வரை போனது. ஒவ்வொரு வெட்டும் ஒவ்வொரு திரும்ப வரவும் பவர் சப்ளைக்கு ஒரு அடி.

2024: அதே கதை, புது மெஷின்

இது பழங்கதை இல்லை. இன்டெல்லின் 13 ஆம் தலைமுறை மேசைக்கணினிப் புரொசசர்கள் 2022 ஒக்டோபரிலும், 14 ஆம் தலைமுறை 2023 ஒக்டோபரிலும் வந்தன. விலை கூடினவற்றை வாங்கியவர்களின் கேம்கள் நிற்கத் தொடங்கின. திரையில் வந்த செய்தி வீடியோ நினைவகம் போதவில்லை என்றது. பிறகென்ன, எல்லோரும் கிராஃபிக்ஸ் அட்டையைச் சந்தேகித்தார்கள். பழுது அங்கே இல்லை. 2024 ஏப்ரல் அளவில் இன்டெல் மதர்போர்ட் கம்பனிகளின் பயோஸ் அமைப்புகளைக் கைகாட்டியது. யூலையில், புரொசசரின் மைக்ரோகோட் தேவைக்கு மேற்பட்ட வோல்ட்டேஜைக் கேட்பதாக ஒத்துக்கொண்டது. ஓகஸ்டில் திருத்தம் வந்தது, வொறண்டி இரண்டு வருடம் நீட்டப்பட்டது. ஆனால் ஏற்கெனவே கெட்டுப்போன புரொசசரை அப்டேட் திருத்தாது, மாற்றத்தான் வேண்டும். உண்மை வெளியே வந்தது, கேம் செய்கிறவர்களும் வாங்கினவர்களும் தங்கள் வீழ்ச்சிப் பதிவுகளை ஒன்றாகச் சேர்த்து ஒரே புரொசசர் வரிசையைச் சுட்டிக்காட்டியபடியால்.

நிபுணருக்கும் இதே கதிதான். லினக்ஸை உருவாக்கிய லினஸ் ரோவால்ட்ஸ், வீட்டுக் கணினிகளில் ஈசிசி அருகிப்போனதற்கு இன்டெல்லின் கொள்கைதான் காரணம் என்று 2021 இல் காட்டமாக எழுதினார். 2022 ஒக்டோபரில் அவருடைய சொந்த மெஷினே கண்டபடி பிழைவிடத் தொடங்கியது. புதுக் கேர்னலில் குறையோ என்று தேடிய பிறகுதான் தெரிந்தது, பழுதானது ரேம் அட்டை என்று. அது ஈசிசி இல்லாத ரேம்.

இதிலிருந்து ஒரு ஒழுங்கு

இந்த வரலாறு தேடுகிற ஒழுங்கையும் சொல்லித் தருகிறது. முதலில் கோப்புகளைப் பிரதி எடுத்து வையுங்கோ. பிறகு ஒரு கொப்பி. நின்ற திகதி, நேரம், என்ன ஓடியது, மின்வெட்டு வந்ததா, திரையில் என்ன எழுதியிருந்தது. ஒரே புரோகிராமில் மட்டும் நின்றால் சொஃப்ட்வெயாரையும் டிரைவரையும் முதலில் பாருங்கோ. கண்ட இடத்தில் எல்லாம் நின்றால் வன்பொருளை.

பிளக்கைக் கழற்றிவிட்டு மூடியைத் திறந்து தூசியையும் கொள்ளளவித் தலைகளையும் பார்க்க ஒரு சதமும் செலவில்லை. பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் திறக்க வேண்டாம், கழற்றிய பிறகும் உள்ளே மின் தங்கியிருக்கும். பயோஸை ஆரம்ப அமைப்புக்குக் கொண்டுவந்து, கூட்டி வைத்த வேகங்களை நீக்குங்கோ. ரேமைச் சோதிக்க மெம்டெஸ்ட்86 இருக்கிறது. கிறிஸ் பிரேடி 1994 இல் எழுதத் தொடங்கியது. விண்டோஸ் இல்லாமல் தனியாகப் பற்றி ஓடும். இரவு முழுக்க ஓடவிடுங்கோ. ஒரு பிழை வந்தாலும் சந்தேகம் உறுதி. ஒவ்வொரு அட்டையாகப் போட்டுப் பார்த்தால் எது என்று தெரியும். பிழை வராவிட்டால் ரேம் நல்லது என்று சத்தியம் செய்ய முடியாது, சந்தேகம் குறைகிறது, அவ்வளவுதான். அடுத்தது, நண்பரிடம் பவர் சப்ளை ஒன்றை இரவல் வாங்கிப் போட்டுப் பார்ப்பது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். இரண்டை மாற்றினால் எது குணமாக்கியது என்று தெரியாது. போர்மட் கடைசி.

விண்டோஸ் நிகழ்வுப் பதிவில் கேர்னல்-பவர் 41 என்று கண்டால் பவர் சப்ளைதான் பழுது என்று ஓடவேண்டாம். கணினி ஒழுங்காக மூடப்படாமல் அணைந்தது என்பதைத் தவிர வேறொன்றையும் அது சொல்வதில்லை. அதேபோல டிடிஆர்5 ரேமில் ஈசிசி உள்ளுக்கே இருக்கு எண்டு கடையில் சொன்னால், அது சிப்புக்குள் நடக்கிற திருத்தம் மட்டும்தான் என்று தெரிந்துகொள்ளுங்கோ. சிப்பிலிருந்து புரொசசருக்குப் போகிற வழியை அது காவல் காக்காது, பிழை வந்ததென்று உங்களுக்கு அறிவிப்பதும் இல்லை.

அந்தக் கொப்பியை எறியாதீங்கோ. வொறண்டி மேசையில் "நீங்கள் பாவிச்ச விதம்தான்" என்று சொல்லும்போது எடுத்து வைக்க உங்களிடம் இருக்கிற சாட்சி அதுதான். அதே மதர்போர்ட், அதே ரேம் வைத்திருக்கும் இன்னும் நாலு பேரின் கொப்பிகளோடு சேர்த்து வைத்தால் அது முறைப்பாடு ஆகும். ஒன்பதாவது பிட்டை வீட்டுக் கணினிக்கும் கட்டாயமாக்கும் வரை, அதன் வேலையை நாங்கள்தான் செய்யவேண்டியிருக்கிறது.